தேய்ந்த கால் மிஷினுக்கு மாற்றாக எதை வாங்குவது? அயனாவரம் தையற்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட கடை, சென்னை அயனாவரத்தில் ஒரு வீட்டின் தெருவைப் பார்த்த முன்னறையில் நடக்கிறது. உரிமையாளர் நாற்பத்தைந்தைக் கடந்த பெண்மணி. வெட்டுவதும் தைப்பதும் அவரே. கொக்கி கட்டவும் ஹெம்மிங் செய்யவும் ஓர் உதவியாளர் பகல் நேரத்தில் வந்து போகிறார். வருகிற வேலையில் பெரும்பகுதி லைனிங் பிளவுஸ். முகூர்த்த மாதங்களில் பட்டு பிளவுஸும், பள்ளி திறக்கும் ஜூனையொட்டிச் சீருடையும், இடையிடையே சுடிதாரும் வரும். இவை அனைத்தையும் ஓர் இரும்புக் கால் மிஷினே தாங்கி வந்தது. பின்னாளில் அதன் பக்கவாட்டில் சிறிய மோட்டார் ஒன்றும் பொருத்தப்பட்டது. 2025 தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இடையிடையே தையல் விழாமல் விடத் தொடங்கியதும்தான், மிஷினை மாற்றுவதா பழுதுபார்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் நான் உடனிருந்தேன்.

பழையது எங்கே தேய்ந்திருந்தது

தையல் விடுகிறது என்றவுடன் புது மிஷின் வாங்கக் கிளம்புவது அவசரம். ஊசி வளைந்திருந்தாலும், ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தாலும், துணிக்குப் பொருந்தாத எண் ஊசி போட்டிருந்தாலும் தையல் விடும். ஆகவே முதலில் புதிய 14 ஆம் எண் ஊசி மாட்டி, கீழ்நூல் கண்டை வைக்கும் பாபின் கேஸின் தகட்டுக்கு அடியில் அடைந்திருந்த நூல்துகளை எடுத்து, ஒரே பருத்தித் துணியின் இரண்டு மடிப்பில் தைத்துப் பார்த்தோம். பருத்தியில் ஓரளவு ஒழுங்காக ஓடிய தையல், ஜார்ஜெட்டில் நாலு விரற்கடைக்கு ஓரிடம் விட்டது. பட்டும் லைனிங்கும் சேர்ந்த இடத்தில் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது.

இதன் காரணத்தை அறியத் தையல் எப்படி விழுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஊசி முழுக்கக் கீழே இறங்கி, மீண்டும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலே வரும்போது, ஊசியின் முதுகுப்பக்கம் நூல் சிறு வளையமாகப் பிதுங்குகிறது. அந்தக் கணத்தில் ஷட்டிலின் கூர்முனை ஊசியை உரசாத குறையாகக் கடந்து, வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. ஊசிக்கும் முனைக்கும் இடையே இருக்க வேண்டியது தாள் நுழையும் இடைவெளிதான். ஊசித்தண்டு ஆடினாலோ, ஷட்டில் ஓடும் பள்ளம் அகன்றாலோ, முனை மழுங்கினாலோ வளையம் தப்பிவிடும். ஜார்ஜெட் போன்ற வழுக்கும் துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும் இயல்புடையது என்பதால், வளையம் சரியாக உருவாகாமல் அதில்தான் குறை முதலில் தெரியும்.

மிஷினின் மின்னிணைப்பை எடுத்துவிட்டு, ஊசித்தண்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது, கண்ணுக்கே தெரியும்படி ஆடியது. கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஒரு சுற்றில் ஒரே இடத்தில் இறுகி, பிறகு தளர்ந்தது. துணியை நகர்த்தும் பற்களின் நுனி, விரலால் தடவினால் நகக்கண்ணில் சிக்காத அளவுக்கு வழவழப்பாகியிருந்தது. ஷட்டிலையும் பல்லையும் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. ஆனால் மெயின் ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷும், ஊசித்தண்டின் புஷ்ஷும், ஷட்டில் பள்ளமும் ஒருங்கே தேய்ந்த தலையில், அதாவது மிஷினின் இரும்பு உடலில், புது ஷட்டில் போட்டால், அது சில மாதங்களில் பழையபடியாகிவிடும். நெடுநாளாகப் பழுதுபார்த்துவரும் மெக்கானிக் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “அக்கா, ஷட்டில் மாத்தித் தர்றேன், தீபாவளிய ஓட்டிடலாம். அதுக்கப்புறம் இதுமேல காசு போடாதீங்க.” ஷட்டில் மட்டும் மாற்றப்பட்டது. தீபாவளி வேலை பெரிய சேதமின்றி முடிந்தது.

தேய்மானத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கவாட்டு மோட்டாரைச் சேரும் என்பது என் கணிப்பு. காலால் மிதிக்கும்போது நிமிடத்துக்குச் சில நூறு தையல் என்ற அளவில் ஓடவே இந்தத் தலைகள் வடிவமைக்கப்பட்டன. மோட்டார் வேகத்தைக் கூட்டியது, எண்ணெய் விடும் பழக்கம் மட்டும் பழைய வேகத்திலேயே நின்றது. வாரத்துக்கு ஒருமுறை விட்டால் போதும் என்றிருந்த எண்ணெய் அன்றாடம் தேவைப்பட்டதை யாரும் கவனிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் ஈரம் ஊசித்தட்டுக்கு அடியில் சேரும் பஞ்சுத் துகளில் ஊறி, அங்கேயே துருவாகப் பிடிப்பதும் உண்டு. இந்த மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தபோது அதுவும் இருந்தது.

வேலையை எண்ணிப் பார்த்தது

கடைக்குப் போகும் முன், மேஜைக்கு என்ன வேலை வருகிறது என்பதை வகைப்படுத்தினோம். இந்தத் தேர்வு முழுவதையும் தீர்மானித்தது இந்தப் பகுதிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

லைனிங் பிளவுஸில் நீண்ட தையல் என்று எதுவும் இல்லை. உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டாட் ஒவ்வொன்றும் நாலைந்து அங்குலம். பக்கத்தையல் அரை சாண் சொச்சம். ஹூக் பட்டி, இடுப்புப் பட்டி, கழுத்துப் பைப்பிங் எல்லாம் குறுகியவை அல்லது வளைந்தவை. நீளமானது கைக்குழித் தையல். அது 16 அங்குலம் என்றும் அங்குலத்துக்கு 12 தையல் என்றும் கொண்டால் மொத்தம் 192 தையல் ஆகும். நிமிடத்துக்கு 1,000 தையல் போடும் மிஷினில் இது 12 நொடி. 4,000 போடும் மிஷினில் 3 நொடி. மிச்சம் 9 நொடி என்று கணக்கு சொல்லலாம். ஆனால் வளைவில் துணியைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதால் அந்த 9 நொடியும் கிடைக்கப் போவதில்லை.

நேரம் வேறு இடத்தில் போய்க்கொண்டிருந்தது. கால் மிஷினில் ஒவ்வொரு தையலைத் தொடங்கவும் வலது கை துணியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்துக்குப் போகிறது. முடிந்ததும் அதே கை பின்பக்கம் போய், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கும் நெம்புகோலைத் தேடுகிறது. கழுத்துமுனையில் திரும்ப வேண்டுமானால், ஊசி துணிக்குள் இறங்கி நிற்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் சக்கரத்தைச் சுற்றி இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, மீண்டும் ஃபுட்டை இறக்க வேண்டும். ஒரு பிளவுஸில் இப்படிப் பல டஜன் தொடக்கங்களும் நிறுத்தங்களும் இருக்கின்றன. அருகில் உட்கார்ந்து பார்த்தால், ஊசி ஓடும் நேரத்தைவிடக் கை அலையும் நேரமே அதிகம் என்பது தெரியும். ஆகவே தேடவேண்டியது வேகமான மிஷின் அன்று. இரண்டு கையையும் துணியின்மேலேயே இருக்கவிடும் மிஷின்.

இதனுடன் மூன்று கட்டுப்பாடுகள் சேர்ந்தன. பைப்பிங்கும் லைனிங்கும் வைத்த கைக்குழியும் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்தில் துணி எட்டுப் பத்து அடுக்குக்குப் போகும். ஜரிகைக் கரையும் அங்கே வந்து சேர்ந்தால் ஊசி தடுமாறும். அறை சிறியது, மேஜைக்கு ஒரு சுவர்ப்பக்கம்தான் உண்டு. மூன்றாவதாக, மிஷின் ஒரு வாரம் நின்றால் கடையே நிற்கும்.

எதிரிலிருந்த வழிகள்

முதல் வழி, பழைய ஸ்டாண்டையும் பலகையையும் வைத்துக்கொண்டு தலையை மட்டும் புதிதாக வாங்குவது. நம்மூரில் தலை, பலகை, ஸ்டாண்டு மூன்றும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. உஷா, சிங்கர், மெரிட் முதலிய பெயர்களில் வரும் தையற்காரர் மாடல் தலைகள் பெரும்பாலும் பழைய பலகையின் வெட்டில் அப்படியே உட்காரும். 1935 இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸிலிருந்து வந்த உஷா மிஷின் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டுவார். செலவும் மிகக் குறைவு. தினம் ஒன்றிரண்டு துணி தைக்கும் வீட்டுக்கு இன்றும் இதையே சொல்வேன். ஆனால் இந்தக் கடையின் சிக்கல் கை அலைச்சல்தான்; அது இதில் சிறிதும் குறையாது.

இரண்டாவது, மேஜைமேல் வைக்கும் ஜிக்ஜாக் மிஷின். ஷோரூமில் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பூ தைக்கிறது, இலை தைக்கிறது, வாத்து வரிசைகூடத் தைக்கிறது. அயனாவரத்தில் பிளவுஸில் வாத்து கேட்டு வந்த வாடிக்கையாளர் இதுவரை இல்லை. பட்டன் துளை தானாகப் போடுவது உண்மையிலேயே பயனுள்ளது, ஆனால் பிளவுஸுக்குக் கொக்கிதான். எடை குறைந்த உடலும் பல மாடல்களில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரமும், நாள் முழுக்கப் பத்து அடுக்கைக் குத்துவதற்காக ஏற்பட்டவை அல்ல. இது விரைவில் பட்டியலிலிருந்து நீங்கியது.

மூன்றாவது, தையற்காரர்கள் பவர் மிஷின் என்றும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஜூக்கி மிஷின் என்றும் சொல்லும் தொழிற்சாலை வகை. ஷட்டில் முன்னும் பின்னும் ஆடுவதற்குப் பதிலாக இதில் ஹூக் ஒரே திசையில் முழுச்சுற்று சுற்றுகிறது. எண்ணெய் தலைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து தானே ஏறுகிறது. ஜப்பானின் ஜூக்கி நிறுவனத்தின் டிடிஎல் 8700 மாடலுக்கு உச்ச வேகம் நிமிடத்துக்கு 5,500 தையல். அந்த வேகத்தால் இந்தக் கடைக்கு ஒரு பயனும் இல்லை என்பதை முன்பே பார்த்தோம். நம் கவனத்தை ஈர்த்தவை வேறு இரண்டு. முழங்காலால் தள்ளினால் ஃபுட் உயரும். கை துணியைவிட்டு நகர வேண்டாம். சர்வோ மோட்டார் உள்ள மாடல்களில், காலை எடுத்தவுடன் ஊசி கீழேயே நிற்கும்படி அமைத்துக்கொள்ளலாம். கழுத்துமுனையில் திரும்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மோட்டார் விஷயத்தில் விற்பனையாளர்கள் கிளட்ச் மோட்டாரையும் காட்டினார்கள். விலை குறைவு, பழுது எளிது. ஆனால் ஸ்விட்ச் போட்டதிலிருந்து அது தைத்தாலும் தைக்காவிட்டாலும் இரைந்து சுற்றிக்கொண்டே இருக்கும், மின்சாரமும் அப்படியே போகும். சர்வோ மோட்டார், மிதித்தால் மட்டும் சுற்றும். அதைவிட முக்கியமாக, அதன் உச்ச வேகத்தைக் குறைத்துப் பூட்டிவைக்கலாம். பல ஆண்டுகள் கால் மிஷினில் பழகிய ஒருவர் நேராகக் கிளட்ச் மோட்டாரில் உட்கார்ந்தால், முதல் மிதியிலேயே துணி கையைவிட்டு ஓடும். விரல் ஊசிக்கு அடியில் போகும் ஆபத்தும் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே கிளட்ச் வகை வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன்.

பட்டுக்கு எதிரி எண்ணெய்

பவர் மிஷினின் பெருமையாகச் சொல்லப்படும் தானியங்கி எண்ணெயே இந்தக் கடைக்குப் பெரிய அச்சமாக இருந்தது. தொழிற்சாலையில் தைக்கும் பல துணிகள் சலவைக்குப் போன பிறகே பெட்டிக்குள் போகும். தையற்கடையில் வாடிக்கையாளரின் காஞ்சிபுரம் பட்டு நேராக மணமேடைக்குப் போகிறது. ஹூக்கிலிருந்து ஒரு துளி தெறித்தாலும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே பாரிமுனைப் பக்கம் பார்த்த ஒவ்வொரு மிஷினிலும், மெக்கானிக்குகள் தொழிற்சாலையில் செய்யும் சோதனையைச் செய்யச் சொன்னோம். மிஷினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பின், ஹூக்குக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைத் தொடாமல் நீட்டி, ஐந்து நொடி ஓட்டிவிட்டு எடுத்துப் பார்ப்பது. தாளில் ஊசிமுனைக் கோடுபோல் மெல்லிய எண்ணெய்த் தடம் விழுந்தால் சரியான அளவு. பட்டையாக விழுந்தால் அதிகம், திருகைக் குறைக்க வேண்டும். தாள் வெறுமையாகவே வந்தால் ஹூக் காய்ந்து தேயும். முதலில் பார்த்த மிஷினில் தாள் விரல் அகலத்துக்கு நனைந்தது. விற்பனையாளர், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். அடுத்து பார்த்தது, தலைக்குள் எண்ணெய் தெறிக்காதபடி மேற்பகுதிக்கு எண்ணெய் ஏறாமல் கிரீஸில் ஓடும் வகை; ஹூக்குக்கு மட்டும் சிறிதளவு எண்ணெய் போகும். தாளில் தடம் மெல்லியதாகவே விழுந்தது.

சோதனைக்குக் கடைக்காரர் தரும் கஞ்சித்துணியை ஏற்கவில்லை. அதில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். ஜரிகைக் கரையோடு கூடிய பட்டுத் துண்டு, ஜார்ஜெட், லைனிங் துணி, அன்றாடம் பயன்படுத்தும் அதே நூல் ஆகியவற்றைப் பையில் எடுத்துச் சென்றிருந்தோம். உரிமையாளர் முதலில் செய்தது, மோட்டாரைத் தொடாமல் கைச்சக்கரத்தால் பத்துத் தையல் போட்டுப் பார்த்தது. ஊசி கரைக்குள் இறங்கும்போது சக்கரம் கையை எதிர்க்கிறதா என்பதை அப்போதுதான் உணர முடியும். பிறகு மெதுவேகத்தில் பத்து அடுக்கின்மேல் ஏறி இறங்கினார். வேகத்தில் மிஷின் தன் பலவீனத்தை மறைத்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டும்போது அடுக்கில் ஏற முடியாமல் நின்றுவிடுகிறதா என்பது வெளிப்படும். முடித்ததும் துணியைத் திருப்பி, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் முடிச்சிடுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜார்ஜெட்டில் தையலின் இருபுறமும் சிறு சுருக்கம் தெரிந்தது. கனத் துணிக்கான பெரும்பற்கள் அதில் இருந்ததே காரணம். மெல்லிய, நடுத்தரத் துணிகளுக்கான பல்லும் ஊசித்தட்டும் மாட்டித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட பின் சுருக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஜீன்ஸ் தைப்பவருக்கும் பிளவுஸ் தைப்பவருக்கும் ஒரே பெயருள்ள மிஷினே வெவ்வேறு பற்களோடு வருகிறது என்பதை வாங்குபவர் கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை.

பணமும் காலமும்

சர்வோ மோட்டார், மேஜை, ஸ்டாண்டு உட்பட 20,000 ரூபாய்க்கு மேல் விலை சொன்னார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தையல் இயந்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருந்ததால், அதற்கு முன் வாங்கி வைத்திருந்த விலைப்பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டியிருந்தது. அரசு உதவிகளையும் பார்த்தோம். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு உரிமையாளரின் வயது கடந்துவிட்டது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மிகாமல் மானியமும் உண்டு. ஒற்றை மிஷினுக்காக வங்கி நடைமுறைகளில் இறங்க அவர் விரும்பவில்லை. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. இந்த அளவு தொகைக்கு அது தவறான முடிவு அன்று என்றே நினைக்கிறேன்.

மாற்றும் காலம் தொகையைவிட முக்கியமாகப் பட்டது. புது மிஷினில் கை பழகத் தொழில் மந்தமான சில வாரங்கள் வேண்டும். தீபாவளி முடிந்து, கார்த்திகை முகூர்த்தங்களும் ஓய்ந்து, தை மாதத்துக்கான துணிகள் குவிவதற்கு முன்னால் வரும் மார்கழியின் முற்பாதியே அதற்கு உகந்தது. உரிமையாளர் அதுவரை பொறுத்திருந்தார். பழைய மிஷினில் போட்ட புதிய ஷட்டில் அதற்கு இடம்கொடுத்தது.

எந்தக் கம்பெனி என்பதில் நாங்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த மெக்கானிக்குகள் வடசென்னையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட வகை எதுவோ அதற்கே உதிரிபாகமும் உடனே கிடைக்கிறது. பழைய மெக்கானிக்கே இரண்டு கம்பெனிகளைச் சொல்லி, இவற்றின் மின்னணுப் பலகை போனால் மறுநாளே மாற்றுப் பலகை வாங்கிவர முடியும் என்றார். அவ்விரண்டில் ஒன்று வாங்கப்பட்டது.

பொருத்திய பின்

மேஜை நாலடிக்கு இரண்டடி. அதை அறைக்குள் வைக்க வெட்டுமேஜையின் இடத்தை மாற்ற வேண்டியதாயிற்று. எர்த் இணைப்பு சரியில்லாத பழைய பிளக்கை எலக்ட்ரீஷியன் மாற்றினார். சர்வோ மோட்டாரின் மின்னணுப் பலகைக்கு இது விருப்பம்போல் செய்துகொள்ளும் வேலை அன்று, கட்டாயம். உச்ச வேகம் முதலில் 1,000 தையலுக்குப் பூட்டப்பட்டு, பின்னர் 1,800 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குமேல் வேண்டாம் என்று உரிமையாளரே சொல்லிவிட்டார்.

ஊசியில் ஒரு குழப்பம் நேர்ந்தது. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கத்தைப் பார்த்து மாட்டினால் போதும். பவர் மிஷினுக்கான டிபி ஊசியின் தண்டு முழு உருண்டை. நீளப் பள்ளம் இடப்புறமும், பின்புறம் குடைந்த பகுதி வலப்புறமும் வருமாறு கண்ணால் பார்த்தே மாட்ட வேண்டும். உதவியாளர் சற்றுத் திருகலாக மாட்டிய ஊசியால் ஒரு பிற்பகல் முழுவதும் தையல் விட்டது; புது மிஷினுமா என்ற பதற்றம் ஊசியைச் சரியாக மாட்டியதும் நீங்கியது. பட்டுக்கு 11 ஆம் எண்ணும், அடுக்கு மிகுந்த லைனிங் பிளவுஸுக்கு 14 ஆம் எண்ணும் இப்போது தனித்தனி டப்பாவில் இருக்கின்றன.

ஆரி வேலை செய்த பிளவுஸில் மணியை ஒட்டித் தைக்க ஒற்றைக்கால் ஃபுட் வாங்கப்பட்டது. மணிமேல் ஊசி பட்டால் இந்த மிஷினில் ஊசி உடைந்து தெறிக்கும் வேகம் அதிகம் என்பதால், அந்த இடங்களில் இன்னும் கைச்சக்கரமே பயன்படுகிறது. காலையில் பட்டைத் தொடும் முன் வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதுவரை எண்ணெய்க் கறை விழவில்லை.

வேலை எவ்வளவு வேகப்பட்டது என்ற கேள்விக்கு உரிமையாளர் தந்த பதில், பிளவுஸ் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, ஆனால் மாலையில் வலது தோள் வலிப்பதில்லை என்பது. சக்கரத்துக்கும் நெம்புகோலுக்குமாகப் போய்வந்த கை ஓய்ந்ததன் விளைவு அது என்று கொள்ளலாம். உண்மையான நேர மிச்சம் கழுத்து வேலையில் தெரிகிறது. பைப்பிங்கைப் பிரித்துத் திரும்பத் தைப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பழைய மிஷினை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடைக்காரர் தந்த விலை, இரும்பின் எடைக்குக் கிடைப்பதைவிட அதிகமில்லை. பக்கவாட்டு மோட்டாரைக் கழற்றிவிட்டு மீண்டும் கால் மிஷினாகவே அதை வைத்துக்கொண்டார்கள். பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் உள்பாவாடையும் புடவை ஃபால்ஸும் அதில் தைக்கப்படுகின்றன. பருத்தியில் அது இன்னும் ஓடுகிறது. ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் இப்போதும் வெளியேதான் போய்வருகிறது. அதற்கு ஒரு மிஷின் வாங்குவதானால் வெட்டுமேஜையை மடக்குமேஜையாக மாற்ற வேண்டும். தை முகூர்த்த வேலை முடிந்த பிறகே தச்சரை அழைப்பதாக இருக்கிறார்.